குடும்பம்: இருநூற்று இருபது கிலோ

ஹேடோ குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த அன்று பால் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கு ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி எத்தனை கிலோ இருப்பிய?"

தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "கோவிச்சுக்காதீங்க. இவரு பிளேன் வாங்கப் போறாரு, அதுக்குத்தான் கேக்குறாரு" என்றார். கத்திரிக்காய் வாங்கப் போகிறவரைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து பதினோரு வருஷம் அவர் எனக்கு அண்ணன், அந்த அம்மா எனக்கு மதினி. பதினோரு வருஷமும் அவர் விமானம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமும் நான் என் எடையைச் சொல்லவில்லை.

துறைமுக வாசலில் லாரி எடைமேடையில் அவருக்கு வேலை. மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வரும் சிமென்ட், அரிசி, வெங்காயம் எல்லாம் லாரியேறி அவர் முன்னால் வந்து நின்று எடை சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போகும். எடைக்காரர் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். வேலை முடிந்து வந்தபிறகும் அந்தக் கண் ஓயாது. கல்யாண வீட்டில் மேடையைப் பார்த்து, "மாப்பிள்ளை அறுபத்தொண்ணு, மாலை நாலு" என்பார். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் பெயர் என்ன வைத்தீர்கள் என்று கேட்கமாட்டார். "ஆஸ்பத்திரில நூறு கிராம் கொறைச்சுப் போட்டிருக்கான், பாத்துக்கிடுங்க" என்று தாய்க்காரியைப் பயமுறுத்திவிடுவார். அவர் வருகிறார் என்றால் நான் கைப்பையை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். வயதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன் சாமி, எடையைச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு எடைக்காரருக்கு விமானம் எதற்கு? அது விளையாட்டில்லை. மதினியின் ஊர் ஹட் பே, இங்கிருந்து கப்பலேறிப் போகவேண்டிய தெற்குத் தீவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே பாமாயில் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். அண்ணன் தூத்துக்குடிப் பக்கம், மாதாகோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவர். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை. நான் குடிவருவதற்கு முந்தின மழைக்காலத்தில் மதினியின் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போயிருக்கிறது. கடல் கொந்தளிப்பில் ஐந்து நாள் ஹட் பே கப்பல் இல்லை. ஆறாம் நாள் போய் இறங்கியபோது புதைத்த மண்கூடக் காய்ந்திருந்ததாம்.

இதை மதினி சொல்லிக்கொண்டிருந்தபோது நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எனக்கு வேலை கப்பல் டிக்கெட் கவுண்டரில். 'மௌசம் கராப், வானிலை மோசம், ஹட் பே கப்பல் ரத்து' என்று அந்த ஐந்து நாளும் பலகையில் எழுதித் தொங்கவிட்டது என் கைதான். பலகையைப் பார்த்துவிட்டு நகராமல் நின்ற ஒரு ஜோடியை, "நின்னா மட்டும் கப்பல் வந்துருமா?" என்று விரட்டியதும் நான்தான். மதினிக்கு அது நினைவிருந்ததோ என்னவோ, ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மதினியின் அப்பா மட்டும் ஹட் பேயில் மிச்சமிருந்தார். தோட்டத்தையே மூடியபிறகும், "நான் நட்ட மரம் நிக்கிது, நான் எங்க வர்றது?" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்தார். அவருக்கு ஒன்று என்றால் மதினி போய்ச்சேர வேண்டும். அதற்காகத்தான் விமானம். கூடவே, லீவு விட்டால் குடும்பத்தோடு தீவு தீவாகப் பறந்து பார்ப்பது என்றும் அண்ணன் முடிவு செய்திருந்தார்.

முதலில் கண்ணில் பட்டது இரண்டு சீட்டு விமானம். குடும்பமோ நாலு பேர்: அவர், மதினி, இரண்டு பெண் பிள்ளைகள். நாலு சீட்டுக்குப் போனார். பைலட் ஒரு சீட்டில் உட்காருவானே என்றேன். "நானே படிச்சு ஓட்டிக்கிடுதேன்" என்றார். சரிதான் என்று விட்டால், பத்து நாள் கழித்து முகம் சிவந்து வாசலில் நிற்கிறார். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் நாலு சீட்டு விமானத்தில் நாலு ஆள் ஏறமுடியாது என்று எங்கேயோ படித்துவிட்டார்.

"என்ன அநியாயம் தங்கச்சி? நாலு சீட்டு போட்டுட்டு நாலு பேர ஏத்தாதன்னா, அந்த நாலாவது சீட்டு என்ன சாமி வந்து உக்காரதுக்கா?"

"பெட்ரோலைக் குறைச்சுக்கோங்க."

"நடுக்கடல்ல தீந்து போச்சுன்னா எறங்கித் தள்ளவா?"

ஆகவே ஆறு சீட்டு. ஆறு சீட்டு என்றால் இரண்டு காலியாகப் போகுமே என்று ஒரு புதுக் கவலை. நம் தீவுகளில் யாராவது ஹட் பே போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், தெருவே பார்சலோடு வந்துவிடும். அக்காவுக்கு ஊறுகாய், மச்சானுக்கு மோட்டார் பெல்ட், யாரோ ஒருத்தருக்குக் கோழிக்குஞ்சு. மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் இங்கே கிடையாது. அண்ணன் அதிலும் ஒருபடி மேல். கேட்காதவர்களிடமும் போய், "ஹட் பேக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். காலி இரண்டு சீட்டில் என்னையும் என் வீட்டுக்காரரையும் போட்டுவிட்டார். அப்போது பார்சலுக்கு இடமில்லை. எட்டு சீட்டுக்குப் போனார். எட்டு சீட்டில் நாங்கள் போக இடம் மிஞ்சியதால் எதிர்வீட்டுப் பெங்காலி டீச்சரைச் சேர்த்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க தேடுறதுக்குப் பேரு பிளேன் இல்ல, கப்பல்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எடை பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரி எதுவும் வராத நேரமாகப் பார்த்துக் குடும்பத்தை எடைமேடைக்கு அழைத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பதினைந்து டன் லாரியை நிறுக்கிற மேடை அது. சின்னவள் தனியாக ஏறிக் குதித்தாள். மெஷின் அவளைச் சட்டையே செய்யவில்லை. மதினி ஏறினார், அப்போதும் அது வாய் திறக்கவில்லை. கடைசியில் நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நடுவில் போய் நின்றார்கள். இருநூற்று இருபது என்றது.

"அதான் எனக்குத் தெரியுமே" என்று அண்ணன் பாக்கெட் நோட்டை எடுத்து, 'குடும்பம்: 220' என்று எழுதிக்கொண்டார்.

"பஜார்ல ஆளுக்குத் தனித்தனியா எடை பாக்குற சின்ன மெஷின் இருக்கே அண்ணே."

"அது பொய் சொல்லும். பெறவு, குடும்பத்த உடைச்சு எடை போடப்பிடாது தங்கச்சி. உடைச்சா, யார விடலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிரும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு எட்டு ஏறுங்களேன்" என்றார். நான் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபிறகுதான் நின்றேன்.

வாங்குவதற்கு முன்னாலேயே அந்த விமானம் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சண்டையை மூட்டிவிட்டது. எங்கே நிறுத்துவது என்று கொல்லையை அளந்தார். றெக்கை எங்கள் துணிக்கொடியையும் பெங்காலி டீச்சரின் பப்பாளி மரத்தையும் தாண்டிப் போனது. "றெக்கை மேல வச்ச மாடல்தான் வாங்குதேன். கொடி அதுக்கடியில தாராளமா இருக்கும், மழை வந்தாலும் துணி நனையாது" என்று சமாதானம் சொன்னார். அது வரைக்கும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்க வாரத்துக்கு ஒருதரம் நல்ல தண்ணீரில் விமானத்தைக் கழுவ வேண்டும் என்று ஒருநாள் குழாயடியில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் அரைமணி நேரம் வருகிற தண்ணீர். பெண்கள் குடத்தோடு அவர் பக்கம் திரும்பினார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாவற்றிலும் அவருக்குக் கிடைத்தது. "எங்க புள்ளைங்க குளிக்காம இருக்கணும், உங்க பிளேன் குளிக்கணுமா?" என்று கத்தியவள் நான்தான். இல்லாத ஒரு விமானத்துக்காக இடுப்பில் குடத்தோடு அவ்வளவு நேரம் கத்தினோம் என்பது வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது.

ஒருதரம் மட்டும் கிட்டே நெருங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் தன் ஆறு சீட்டு விமானத்தை விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார். அண்ணன் போனைச் சத்தமாக வைத்துப் பேச, நாங்கள் சுற்றி நின்றோம்.

"வருசத்துக்கு எத்தன மணி நேரம் பறப்பீங்கன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்குங்க" என்றார் அவர்.

அண்ணன் விரல் விட்டார். "பொங்கலுக்கு ஒருக்கா. கிறிஸ்மஸுக்கு ஒருக்கா. ஹட் பே முருகன் கோயில் கொடைக்கு ஒருக்கா. மாமனாருக்குச் சொகமில்லன்னா எந்நேரமும்."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அவர். அண்ணன் பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர் தோரணையில் கேட்டார்: "நல்ல வண்டின்னா நீங்க எதுக்கு விக்கிய?"

"எங்கூட்டம்மாவுக்கும் பசங்களுக்கும் பயமுங்க. ஏறவே மாட்டேங்கறாங்க. நான் ஒருத்தனே எத்தன நாளைக்குங்க சுத்தறது?"

அண்ணன் போனை வைத்துவிட்டார். "குடும்பம் ஏறாத வண்டி நமக்கு ஆவாது. ராசியில்ல." மதினி அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று ஒன்று புரிந்தது. இந்த மனிதருக்கு அனுமதியோ பெட்ரோலோ ஓடுபாதையோ தடையில்லை. ஒருவரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாது என்பதுதான் தடை.

அப்புறம் அந்த ஜூலை வந்தது. ஹட் பேயிலிருந்து போன். மதினியின் அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது, கண் திறந்தால் மகளைக் கேட்கிறார். அன்று காலையில் நான் வேலைக்குப் போய்ச் செய்த முதல் காரியம், அதே பலகையை எடுத்து அதே எழுத்தை எழுதியது. சாக்பீஸ் என் கையில் இரண்டாக ஒடிந்தது. மதியம்வரை அங்கே உட்காரமுடியவில்லை. ஹெலிகாப்டர் டிக்கெட் கொடுக்கும் ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். நோயாளிகளுக்கும் ஆபீசர்களுக்கும் போக மிஞ்சினால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு சீட்டு. பத்துமுறை போன் செய்தேன். பதினோராவது முறை அவளே கூப்பிட்டாள். "தீதி, ஏக் சீட் ஹை. அபி ஆவோ."

ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் வாசற்படியிலிருந்து எழுந்தார். "ஒரு சீட்டா? நாங்க நாலு பேருலா இருக்கோம்?"

"ஒண்ணுதான் அண்ணே."

"நாளைக்கு நாலு கெடைக்குமான்னு கேளுங்களேன். தனியா எப்பிடி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையும் விட்டீங்கன்னா காலம் பூரா பிளேன் படம் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்!" என்று கத்தினேன். குழாயடிச் சண்டையில்கூட அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

மதினிதான் பேசினார். பஜாருக்குக்கூடத் தனியாகப் போகாத மனுஷி. "என்னாங்க, நான் போறேன்" என்றார். அவ்வளவுதான். அண்ணன் கொடியிலிருந்த ஈரச்சட்டையை எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டார்.

நாங்கள் கிளம்புவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பார்சல். ஹெலிகாப்டரில் ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. அண்ணன் கேட்டருகே இரண்டு கையையும் விரித்து நின்றார். "இன்னைக்கு மட்டும் வேண்டாம். கோவிச்சுக்கிடாதிய. கப்பல் விட்டதும் நானே வந்து வாங்கிட்டுப் போறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் வாயால் மாட்டேன் என்று நான் கேட்டது அதுதான் முதல்தடவை. என் கையிலும் அரைக்கிலோ வற்றல் மிளகாய் இருந்தது, ஆபீஸ் சிநேகிதியின் அக்காவுக்கு. முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

கவுண்டரில் முதலில் பையை வைத்தார்கள். அப்பாவுக்காகச் சுட்ட தேங்காய் ரொட்டி, சம்பல், ஒரு சேலை. இரண்டரைக் கிலோ. அண்ணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டரைக் கிலோ காலியாலா இருக்கு" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பேசாமல் மிளகாயை எடுத்து நீட்டினேன். "அரைக்கிலோ" என்றேன். அவ்வளவு பதற்றத்திலும் கையில் வாங்கி எடை பார்த்து, "நானூத்தம்பதுதான் இருக்கும்" என்று சொல்லிப் பைக்குள் வைத்தார்.

கவுண்டர்ப் பையன் பேனாவைத் தூக்கினான். "மேடம் கா வஜன் கித்னா?"

எடை கேட்டதும் அண்ணன் டக்கென்று நோட்டைப் பிரித்து, அதிலிருந்த இருநூற்று இருபதை அப்படியே இந்தியில் படித்தார். "தோ சௌ பீஸ்."

"தோ சௌ பீஸ்?" பையன் மதினியை எட்டிப் பார்த்தான். மதினி தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"அது எல்லாரும் சேந்து" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாக, "இவளோடது தனியா எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். ஊரையே எடை சொல்லும் மனிதர். என்னால் அவரைப் பார்க்கமுடியவில்லை, அங்கே ஒட்டியிருந்த நேரப்பட்டியலைப் பார்த்தேன்.

மதினி செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். கோத்துக்கொள்ளக் கையில்லாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து மூன்று.

அண்ணன் குனிந்து பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். "ஏளா, இவ்வளவுதானா நீ?"

"ஏன், இத்தன வருசமா வேற யாரையும் நெனச்சிக்கிட்டு இருந்தீங்களா?" என்றார் மதினி. கண் நிறையத் தண்ணீரோடு சிரித்தார். நான் தாராளமாகவே அழுதேன்.

ஹெலிகாப்டர் தூக்கும்போது எழும்பிய காற்றில் அண்ணனின் ஈரச்சட்டை காய்ந்தே போயிருக்கும். கடைசிவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல றெக்கையே இல்லியே தங்கச்சி, கொடி எங்க கெட்டுவாவ?" என்றார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

மதினி போய் இறங்கியபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. அன்று மாலையே ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாராம், கால் ரொட்டி சாப்பிட்டாராம். மகளைப் பார்த்த தெம்போ என்னவோ, பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள் கப்பல் விட்டது. அண்ணன் இரண்டு பிள்ளைகளோடும், வீடு வீடாகப் போய் வாங்கிய பத்தொன்பது பார்சலோடும் ஏறினார். அதில் ஒரு கோழியும் இருந்தது.

அடுத்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஹட் பேக்குப் போய்விட்டார்கள். அங்கே லாரி எடைமேடை கிடையாது, அதைப் பற்றி அவர் கவலைப்படவுமில்லை. பெரியவர் மேலும் இரண்டு வருஷம் இருந்தார். அவர் கண்மூடியபோது தலை மதினியின் மடியில் இருந்தது. நாங்களும் குவார்ட்டர்ஸை விட்டு டெலானிபூருக்கு வந்துவிட்டோம். விமானப் பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் போன். மூத்தவளை மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் தெற்கே கடைசி, மகள் வடக்கே கடைசி. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"தங்கச்சி, பத்து சீட்டுல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். றெக்கை மேலதான். நடுவழியில டெலானிபூர்ல உங்களையும் ஏத்திக்கிடலாம். எல்லாத்தையும் தனித்தனியாவே எழுதிட்டேன். மதினி நாப்பத்தஞ்சு, முன்னைக்குத் தேவல. பொறக்கப்போற பிள்ளைக்கு மூணு போட்டு வச்சிருக்கேன். உங்களுக்கு நேரே மட்டும் வெறுமனே கெடக்கு."

டெலானிபூர் மேட்டில் யார் விமானத்தை இறக்குவது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"எழுபத்தொண்ணு அண்ணே."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது.

"கைப்பையோட சேத்தா, சேக்காமலா?" என்றார்.